ஆமா போட ஒரு ஆள்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

வானொலியில பேச வாங்கன்னு கூப்பிட்டப்போ நான் சொன்னேன், சார் நான் வில்லுப்பாட்டுல குடம் அடிக்கிறவன், எங்க செட்டுல பேசுறது பாடுறது எல்லாம் புலவர்தான், எனக்குக் கைதான் பேசும்னு. அந்தக் கை என்னென்ன பேசுச்சோ அதையே சொல்லுங்கன்னுட்டாங்க. சரின்னு குடத்தையும் தூக்கிட்டு வந்துட்டேன், இந்தா என் பக்கத்துல புரிமணையில, அதான் வைக்கோல் வளையத்துல, உக்காந்திருக்கு.

எனக்கு ஊரு சேரன்மாதேவி பக்கம். எங்க மாமாதான் புலவர். 11 வயசுல என்னையக் குடத்துக்கு முன்னால உக்கார வச்சாவ, 40 வருசத்துக்கு மேல ஆச்சு, அதே இடத்துலதான் உக்காந்திருக்கேன். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாசிச்சிருக்கேன், கேசட்டுக்கு வாசிச்சிருக்கேன், மெட்ராஸ் போயி சினிமா ரெக்கார்டிங்குக்கும் வாசிச்சிருக்கேன். பாளையங்கோட்டையில இருக்க இந்த நிலையம் 1963-ல ஆரம்பிச்சது, இதுல முதமுதல்ல வில்லுப்பாட்டு கேட்ட கதைய மாமா சொல்லுவாவ, டீக்கடை ரேடியோவச் சுத்தி அம்புட்டுக் கூட்டமாம், ரேடியோல பின்பாட்டுக்காரரு "ஆமா"ங்கும்போது கடையில கிளாசும் கையுமா நின்னவங்களும் சேந்து "ஆமா"ன்னாங்களாம். அந்த ஆமாவப் பத்தித்தான் இன்னைக்கு எனக்குப் பேசணும்.

வில்லுப்பாட்டு பாக்காத பிள்ளைங்க இப்போ நெறைய இருக்கு, அதனால கொஞ்சம் சொல்லிருதேன். ஆள் உயரத்துக்கு மேல பெரிய வில்லு, தோல் நாண், வில்லுல வரிசையா மணி தொங்கும். புலவர் நடுவுல உக்காந்து ரெண்டு கையிலயும் வீசுகோல் வச்சு நாணத் தட்டிக்கிட்டே கதை பாடுவாரு. அந்த வில்லு என் குடத்துக் கழுத்துலதான் சாஞ்சிருக்கும். அப்புறம் உடுக்கு, ஜால்ரா, கட்டை. ரெண்டு பக்கமும் பின்பாட்டுக்காரங்க. புலவர் "பட்டணத்த விட்டுப் பொறப்பட்டான்"னு சொன்னா இவங்க "ஆமா, பொறப்பட்டான்"னு வாங்கணும். கேக்கதுக்கு லேசாத் தெரியும், ஆனா ஒருதடவ ஒரு கொடையில ராத்திரி ரெண்டரை மணி இருக்கும், பின்பாட்டு அண்ணாச்சி நாலு நாளா தொடர்ந்து கண்ணு முழிச்சவரு, அப்படியே தலை சாஞ்சிட்டாரு. மாமா ஒரு வரி சொல்லி நிறுத்துனாவ, ஆமா வரல. மறுபடி அதே வரி, வரல. தொண்டையில அடுத்த வரி நிக்குது, வெளிய வர மாட்டேங்குது, நான் பக்கத்துல இருந்து பாக்கேன், அவிய முகமே மாறிட்டு. மூணாவது தடவ நான் குடத்து வாயில "கும்"முன்னு ஒண்ணு குடுத்தேன், அதப் பிடிச்சிக்கிட்டு மளமளன்னு போயிட்டாவ. கொடை முடிஞ்சு பஸ்சுல வாரப்போ, "நல்ல ஆமா போட்டடா மக்கா"ன்னாவ. எனக்கு அதுக்கு மேல ஒரு பட்டமும் இதுவரைக்கும் கெடைச்சதில்ல.

குடத்துக்கு நாங்க காருகுறிச்சிக்குத்தான் போவோம். காருகுறிச்சின்னாலே எல்லாருக்கும் நாயனம் ஞாபகம் வரும், காருகுறிச்சி அருணாசலம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோட சிஷ்யரு, 1921-ல பிறந்து 1964-லயே போயிச் சேந்துட்டாவ, நான் பிறக்கதுக்கு முன்னாலயே. ஆனா எங்க வீட்டு ரேடியோல கேட்டு வளந்தேன். 1962-ல வந்த "கொஞ்சும் சலங்கை" படத்துல எஸ்.ஜானகி அம்மா குரலும் அவிய நாயனமும் சேந்து வரும்ல, அம்மா ஒரு சங்கதி சொன்னா நாயனம் அத வாங்கித் திருப்பிச் சொல்லும், சின்ன வயசுல எனக்கு அதுவும் பின்பாட்டு மாதிரிதான் கேட்டுச்சு, இப்பவும் அப்படித்தான் கேக்கேன். அந்த ஊரு மண்பானைக்கும் பேர் போன ஊரு. விடியக்காலமே போயிருவேன். 30, 40 பானையத் தட்டிப் பாத்தா ஒண்ணு அமையும், சில நாளு ஒண்ணுகூட அமையாம வெறுங்கையோட வந்திருக்கேன். விரல் முட்டியால வயித்துல தட்டணும், கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தா "சள"ன்னு ஒரு சத்தம் கூடவே வரும். வேகாத பானை மந்தமா இருக்கும், ரொம்ப வெந்தது கணீர்னு இருக்கும் ஆனா அடிச்சத்தம் இருக்காது. வாய் சிறுசா வயிறு பெருசா இருந்தா சத்தம் கீழ எறங்கும், உள்ள கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாருங்க, காத்துக்கு எடம் கொறஞ்சு சத்தம் மேல ஏறிரும். உண்மையில வாசிக்கது பானைக்குள்ள இருக்க காத்துதான். மாமா ரெண்டு கட்டை சுருதியில பாடுவாவ, அதுக்கு ஒத்துப் போற பானையா எடுப்பேன். அங்க ஒரு ஆச்சி என்னையக் கண்டாலே "பாட்டுக்குடமா அய்யா"ன்னு கேட்டுட்டு கழுத்து கனமா வனஞ்சத தனியா எடுத்துக் குடுப்பாவ, ஏன்னா ஒரு கை மட்டையால வாயில அடிக்கும், இன்னொரு கை துட்டு வச்சு கழுத்துல தட்டும். துட்டுன்னா பழைய ஒத்த ரூவா, கனமா இருக்கும்லா, அது. இப்போ வர்ற துட்டு லேசு, சத்தம் மெலிஞ்சு போயிருது, அதனால பழைய துட்டு நாலு ஒரு சுருக்குப் பையில போட்டு பத்திரமா வச்சிருக்கேன்.

யார்கிட்ட தாளம் கத்துக்கிட்டீங்கன்னு கேப்பாங்க. மாமா சொல்லிக் குடுத்தது கொஞ்சம், மிச்சம் காதுல விழுந்ததுதான். கணியான் கூத்துல மகுடம்னு வட்டப் பறை ரெண்டு இருக்கும், உச்சம் ஒண்ணு மந்தம் ஒண்ணு, ராத்திரி தீயில காட்டி தோல இறுக்கிட்டு அடிக்க ஆரம்பிச்சாங்கன்னா மந்தம் ஒண்ணு கேக்கும் உச்சம் அதுக்குப் பதில் சொல்லும், நான் அத என் ரெண்டு கைக்கும் கொண்டு வந்தேன், மட்டைய மந்தமாவும் துட்ட உச்சமாவும் வச்சு. எங்க வீட்டம்மா பீடி சுத்துறவ. கொடை இல்லாத மாசத்துல எங்க வீட்டுல அடுப்பு எரியுறது அவ பீடியிலதான், அத நான் எங்க வேணாலும் சொல்லுவேன். சொளவ மடியில வச்சுக்கிட்டு கத்திரியால எலைய வெட்டுவா, சரக் சரக்குன்னு ரெண்டு, ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி ஒண்ணு. அந்த நிறுத்தம் இருக்கே, அத ஒருநாள் மத்தியானம் படுத்துக்கிட்டே கேட்டேன், மறுவாரம் கொடையில கத நடக்குற எடத்துல அதே நிறுத்தத்த விட்டு வாசிச்சேன், மாமா திரும்பிப் பாத்து சிரிச்சாவ.

கொடையில வரத்துன்னு ஒரு எடம் வரும். கத சாமி வாற கட்டத்துக்கு வந்தாச்சு, சாமியாடுற கோமரத்தாடிக்கு உடம்பு லேசா நடுங்குது, பொம்பளையாளுக குலவ போடுதாங்க. அப்போ நான் குடத்தப் பாக்க மாட்டேன், அவரு காலத்தான் பாப்பேன். பெருவிரல் மண்ணுல அழுந்தும், அங்கன ஆரம்பிக்கும். அவரு ஒரு எட்டு கூட்டுனா நான் ஒரு அடி கூட்டணும், ரொம்பக் கூட்டிட்டா அவரு தடுமாறுவாரு, கொறச்சா எறங்கிருவாரு. மணி பாத்து, வேகம் கணக்குப் பாத்து வாசிக்கிற சங்கதி கெடையாது அது. அவரு ஆடுறதால நான் அடிக்கேனா, நான் அடிக்கதால அவரு ஆடுதாரான்னு எனக்கு இன்னும் தெரியாது.

கேசட் வந்த காலத்துல ஒரு கம்பெனிக்காரங்க வந்து வெத்தல பாக்கோட 101 ரூவா அட்வான்ஸ் குடுத்து முத்துப்பட்டன் கத கேட்டாங்க. பாபநாசத்துக்கு மேல சொரிமுத்தையனார் கோயில்ல பட்டவராயனா நிக்காருல்லா, நேத்திக்கடனா செருப்பு செஞ்சு போடுவாங்கல்ல, அவரு கததான். பிராமணப் பையன், பொம்மக்கா திம்மக்கான்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் கட்டி, அவங்க அப்பாவுக்காகச் செருப்பும் தச்சு, மாட்டுக் கிடைக்காகச் சண்ட போட்டுச் செத்தவரு. ராத்திரி முழுக்கப் பாடுற கத. கேசட்டோ 60 நிமிசம், ஏ சைடு அரை மணி பி சைடு அரை மணி. ஜங்ஷன் பக்கம் ஒரு மாடி ரூம்ல சுவரு பூரா ஜமுக்காளத்தத் தொங்கப் போட்டு, ஃபேன நிறுத்திட்டு, எல்லாரும் ஒரே மைக்கச் சுத்தி உக்காந்தோம். எத வெட்டன்னு மாமா ரெண்டு நாளு சாப்பிடாம யோசிச்சாவ. வர்ணிப்ப வெட்டுனாவ, சம்மந்தம் பேசுற எடத்துல பாதிய வெட்டுனாவ, வரத்த மட்டும் வெட்ட மாட்டேன்னுட்டாவ. ஆடுறதுக்கு ஆளில்லாத ரூம்ல வரத்து எதுக்குன்னு கம்பெனிக்காரரு கேட்டாரு, மாமா பதிலே சொல்லல. வாசிச்சோம், சும்மா சுவரப் பாத்து வாசிச்சோம், எனக்கு மனசே ஒட்டல. மூணு மாசம் கழிச்சு கல்லிடைக்குறிச்சி பக்கத்துல இருந்து ஒருத்தரு தேடி வந்தாரு, அவங்க வீட்டு ஆச்சி அடுப்படியில இருக்கும்போது கேசட்டு ஓடியிருக்கு, பி சைடு கடைசியில ஆச்சிக்கு அருள் வந்துட்டாம், கைல கரண்டியோட ஆடுனாவளாம். அத எங்ககிட்ட சொல்லணும்னே பஸ் ஏறி வந்திருக்காரு. மாமா கைய ரெண்டயும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டாவ.

அதே கேசட்ல எங்க யாரு பேரும் கெடையாது. அட்டையில சாமி படம், கம்பெனி பேரு, அவ்வளவுதான். ஒருதடவ துட்டு வாங்கினது, அப்புறம் சீடி ஆச்சு, செல்லுல வந்துச்சு, எங்களுக்கு ஒண்ணும் வரல. நாலஞ்சு வருசம் முன்னால வேற ஏதோ ஒரு பாட்டுல என் குடத்தக் கேட்டேன், என் கை எனக்குத் தெரியாதா, நாலு அடிய வெட்டி எடுத்து லூப்பா ஓட விட்டிருக்காங்க. துட்டு கூட போகட்டும்யா. மாமா இறந்து போனாவ, அவிய பேரு ஒரு எடத்துல கூட எழுத்துல இல்ல. பேர போடுங்க, வில்லு யாரு, உடுக்கு யாரு, குடம் யாருன்னு ரெண்டு வரி போடுறதுல யாருக்கும் நட்டம் வராது, இத கேக்குற எந்தக் கம்பெனிக்காரங்களா இருந்தாலும் கைகூப்பிக் கேக்கேன்.

மெட்ராஸ் ரெக்கார்டிங் கதைக்கு வாரேன். குடத்த வைக்கோல் சுத்தி சாக்குல கட்டி மடியில வச்சுக்கிட்டே ராத்திரி பூரா பஸ்சுல போனேன், கால் மரத்துப் போச்சு, ஆனா குடம் பத்திரம். காலை கால்ஷீட். பெரிய ரூம், தரைக்குக் கம்பளம், ஏசி. நான் மட்டும் தனியா, காதுல ஹெட்போன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவங்க. மைக்க நேரா குடத்து வாய்க்கு மேல தொங்க விட்டாங்க, நான் ஒரு அடி அடிச்சதும் உள்ள இருந்து காத்து மொத்தமும் போயி மைக்குல மோதி, கன்சோல்ல செவப்பு லைட் எரிஞ்சிட்டு. அப்புறம் மைக்க ஒரு சாண் ஒதுக்கி வயித்துப் பக்கமா வச்சாங்க, துட்டுக்குத் தனியா கழுத்துகிட்ட இன்னொண்ணு. அது சரியாப் போச்சு. புரிமணையக் கொண்டு போக மறந்திருந்தேன், கம்பளத்துல நேரா வச்சா சத்தம் அமுங்கிப் போச்சு, தலையில கட்டியிருந்த துண்ட முறுக்கி வட்டமாச் சுத்தி அது மேல வச்சேன், பாதி உயிர் வந்துச்சு. ஆனா தாளம் காட்டுறதுக்குக் கிளிக்குன்னு ஒண்ணு காதுல ஓடுது பாருங்க, டிக் டிக்குன்னு, அதோட சேந்து போகணும். நான் வாசிக்க வாசிக்க கை தானா முன்ன ஓடுது. ஒரு டேக், ரெண்டு டேக், ஆறு டேக். மியூசிக் டைரக்டரு கோவப்படவே இல்ல, நல்ல மனுசன், உள்ள வந்து "என்னண்ணே வேணும் உங்களுக்கு"ன்னு கேட்டாரு. நான் சொன்னேன், தம்பி, எதிர்ல ஒரு ஆள் வேணும், ஆமா போட.

அவரு சிரிக்கல. டீ கொண்டு வர்ற பையன் ஒருத்தன் நின்னான், அவனக் கூப்பிட்டு என் எதிர்ல சம்மணம் போட்டு உக்கார வச்சு, அவனுக்கும் ஒரு ஹெட்போன் மாட்டிட்டாரு. சத்தம் போடக் கூடாது, தலைய மட்டும் ஆட்டுடான்னாரு. எந்த ஊருடேன்னு கேட்டேன், ஆழ்வார்குறிச்சின்னான். எனக்கு கண்ணு கலங்கிட்டு. அவன் தல ஆட்டுதான், ஒவ்வொரு சுத்து முடியும்போதும் உதடு மட்டும் "ஆமா"ன்னு அசையுது, சத்தமே இல்லாம. கிளிக்கு காதுல ஓடிச்சு, நான் அத மறந்துட்டேன், அவன் உதட்டப் பாத்து வாசிச்சேன், ஒரே டேக்ல ஓகே ஆயிட்டு. அந்தப் பாட்டு எங்க கேட்டாலும் எனக்குக் குடச்சத்தத்துக்கு முன்னால அந்தப் பையன் மூஞ்சிதான் வரும். அவனும் அதுல வாசிச்சிருக்கான், என்னப் பொறுத்தவரைக்கும்.

இப்போ எங்க செட்டுல மாமா மகன் புலவரு, அவனுக்கு வலத்துல ஒரு காலேஜ் பையன், நல்லா ஆமா போடுதான். ஆடி, ஆவணின்னா கைக்கு ஓய்வில்ல. சாரல் விழுந்துச்சுன்னா குடம் ஈரத்தக் குடிச்சு சத்தம் மங்கிரும், அதனால கொடைக்கு முந்தின நாளு முழுக்க வெயில்ல காய வைக்கணும், எங்க வீட்டம்மா அத ஒரு பிள்ளையத் திருப்புற மாதிரி திருப்பித் திருப்பி வைப்பா.

பேசுனது போதும்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சாரு கை காட்டுதாரு, கடைசியா ரெண்டு நிமிசம் வரத்து வாசிக்கச் சொல்லியிருக்காங்க. சார், நீங்க அங்கன இருந்தா எனக்கு ஓடாது, செத்த உள்ள வந்து எதுத்தாப்புல உக்காருங்க. ஆங், அப்படித்தான். வீட்டுல கேக்குறவங்களும் அடுப்ப அமத்திட்டு கொஞ்சம் பக்கத்துல வாங்க. மட்டைய எடுத்துட்டேன், துட்ட எடுத்துட்டேன். முதல்ல வாயில ஒண்ணு, அப்புறம் கழுத்துல ரெண்டு.