மூலை இல்லாத சிவப்பு அறை

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் ஓவியம் பற்றிப் பேசினால் படத்தைக் காட்ட வழியில்லை. அதனால் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸ் 1911இல் வரைந்த 'சிவப்பு ஓவியக்கூடம்'.

பாரிஸுக்குப் பக்கத்தில் இஸ்ஸி என்ற ஊரில் இருந்த தன் பட்டறையையே மத்தீஸ் வரைந்திருக்கிறார். சுமார் ஆறடி உயரம், ஏழடி அகலம். சுவர், தரை, மேசை, நாற்காலி எல்லாமே ஒரே சிவப்பு. நிழலே கிடையாது. இரண்டு சுவர்கள் கூடும் இடத்தில் ஒரு கோடு வரவேண்டும் அல்லவா, அதையும் போடாமல் விட்டுவிட்டார்.

மூலை இல்லையென்றால் அறை தட்டையாகிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் நடப்பது வேறு. மேசையின் சாய்ந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண் உள்ளே போகிறது. போன வேகத்தில் அந்தச் சிவப்பு அதை மேற்பரப்புக்கே இழுத்து வந்துவிடுகிறது. சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. நூற்றாண்டுகளாகக் கோடும் நிழலும் செய்துவந்த வேலையை இங்கே ஒரு நிறம் தன் கையில் எடுத்துக்கொள்கிறது.

இன்னும் கிட்டே போய்ப் பார்த்தால், நாற்காலியின் மஞ்சள் கோடுகள் சிவப்பின் மேல் வரைந்தவை அல்ல! முதலில் அவர் சுவரை நீலமாகவும் தரையை இளஞ்சிவப்பாகவும் மேசை நாற்காலிகளைக் காவி மஞ்சளாகவும்தான் தீட்டியிருந்தார். அது காய்ந்தபின் மேலே சிவப்பைப் பூசியபோது, மெல்லிய இடைவெளிகளை விட்டு வந்தார். அந்த இடைவெளியில் தெரியும் அடி நிறம்தான் நாற்காலி. நடுவில் நிற்கும் உயரமான கடிகாரத்துக்கு முள்ளே இல்லை. எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

மத்தீஸின் படங்களை வாங்கிக் குவித்த ரஷ்ய வணிகர் ஷுகின்கூட இதை வேண்டாம் என்றுவிட்டார். அப்புறம் லண்டனில் ஒரு கிளப்பின் சுவரில் தொங்கியது. 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கியது. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ அங்கே போய் இதன் முன் நெடுநேரம் நிற்பாராம். 1954இல் அவர் ஒரு படத்துக்கு 'மத்தீஸுக்கு மரியாதை' என்றே பெயர் வைத்தார். ராத்கோவின் படங்களில் மேசையும் இல்லை, கடிகாரமும் இல்லை. ஆளுயர நிறப்பரப்புகள் மட்டுமே. பார்ப்பவர்கள் தள்ளி நிற்காமல் நெருங்கி நிற்கவேண்டும் என்று அவர் விரும்பினார். அப்படி நின்றால் படத்தின் விளிம்பு பார்வையிலிருந்து விலகிவிடுகிறது. நீங்கள் நிற்கும் இடமே அந்த நிறமாகிவிடுகிறது. வணக்கம்.