காலண்டரையும் கையோடு கொண்டு வாருங்கள்

வணக்கம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகும் ஓர் அக்கா என்னைப் பார்க்க வந்தார். "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டேன். "அசதியா இருக்குங்க" என்றார். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன். கதவு வரைக்கும் போனவர் நின்று, தயங்கி, "மாசாமாசம் பத்து நாள் போகுதுங்க டாக்டர்" என்றார். அவர் மலையிறங்கி வந்ததே இதைச் சொல்லத்தான். உட்கார வைத்து, முதலிலிருந்து கேட்டேன்.

மாதவிலக்கில் இப்படி அளவுக்கு மீறி ரத்தம் போவதற்குப் பெரும்பாடு என்று நம் ஊரில் பழைய பெயரே உண்டு. ஆகவே வெட்கப்பட வேண்டாம். உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக அதையே சொல்லுங்கள்.

வீட்டுக் காலண்டரில் தூரமான முதல் நாளைச் சுழித்து வையுங்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் அல்லது துணி என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ரத்தக் கட்டி விழுந்தாலோ கட்டாயம் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் தள்ளிப்போடாமல் வந்துவிடுங்கள்.

சாப்பிடும் மாத்திரை அட்டைகளை, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். கோயில் திருவிழாவுக்காகத் தள்ளிப்போட மாத்திரை போட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். பலர் மறைக்கிறார்கள்; எனக்குக் கணக்கே தப்பிப் போகிறது.

அப்புறம் ஸ்கேன். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். அதற்காக ஏற்காட்டிலேயே தண்ணீரைக் குடித்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வருகிறார்கள். பார்க்கவே மனசு கஷ்டப்படுகிறது. சேலம் வந்த பிறகு, ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் நாலைந்து டம்ளர் குடித்தால் போதும்.

மாமியாரோ வீட்டுக்காரரோ கூட வரட்டும், நல்லதுதான். ஆனால் அவர்கள் முன்னால் சொல்ல முடியாதது இருந்தால், "தனியா பேசணுங்க" என்று கேளுங்கள். வெளியே அனுப்புவது எங்கள் வேலை.

கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அங்கேயே தலையாட்டிவிடாதீர்கள். மாத்திரையில் சரியாகாதா, எடுக்காவிட்டால் என்ன ஆகும், சினைப்பையையும் சேர்த்து எடுப்பீர்களா என்று மூன்றையும் கேளுங்கள். மறந்துவிடும் என்றால் அதே காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்.