கூடம் கோணல் இல்லை, நடுவர் அவர்களே

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, தோற்கப்போவது தெரிந்தும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் எதிரணி அன்பர்களே, ஞாயிறு மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் வெள்ளவத்தைச் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். கொழும்பில் மின்சாதனக் கடைகள் நொடிந்துபோகக் காரணம் இணைய விற்பனையா, கடைக்காரர்களா? எதிரணித் தலைவி அக்கா இணையத்தைக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். டராஸ் என்ற இணையக் கடை வந்ததாம், 2018இல் அதைச் சீனாவின் அலிபாபா கம்பனி வாங்கியதாம், அன்றோடு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஷட்டர்கள் இறங்கத் தொடங்கினவாம். கேட்கும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் ஐயா, அக்கா கடையைப் பற்றிப் பேசினாரே தவிர, கடைக்குள் நிற்கிறவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் கடைக்குள்ளே போகிறேன்.

எங்கள் வீடு இங்கே பக்கத்தில்தான், தொடர்மாடியில் ஐந்தாம் மாடி. அதற்கு மேலே மொட்டை மாடியும் தண்ணீர்த் தாங்கியும் மட்டும்தான். போன வருடம் அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கப் போனோம். பெரிய கடை, குளுகுளு ஏசி, கண்ணாடிக் கதவு. பெயர் வேண்டாம். விற்பனைக்கு நின்ற தம்பி பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். "எட்டுக் கிலோ அன்டி, இன்வேர்ட்டர் அன்டி, பத்து வருட மோட்டார் வாரண்டி அன்டி." அம்மாவுக்கும் வாசிக்கத் தெரியும் ஐயா, அவர் முப்பது வருடம் ஆசிரியை.

மெஷின் வந்தது. போட்டோம். தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது, கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு மின்னியது, நின்றுவிட்டது. மூன்று நாள் கழித்து ஆள் வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்கள் கடைசி மாடி என்று கடையில் சொல்லவில்லையா?"

சபையோருக்குக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், உதவும். தாங்கியில் இருந்து தண்ணீர் ஒரு மீற்றர் உயரம் இறங்கி வந்தால் கிடைக்கும் அமுக்கம் ஏறக்குறைய 0.1 பார். எங்கள் தாங்கி குழாயில் இருந்து இரண்டு மீற்றர் மேலே, ஆகவே 0.2. தானாகத் தண்ணீர் எடுக்கும் மெஷின்கள் பலவற்றுக்குக் குறைந்தது 0.3, 0.5 பார் வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கும். இரண்டாம் மாடியில் இருப்பவர் அதே மெஷினை வாங்கிக் குறையில்லாமல் தோய்ப்பார். தாங்கிக்கு நேர் கீழே இருக்கிற நாங்கள் ஒரு சின்னப் பம்ப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் குறைந்த அமுக்கத்துக்குச் செய்த மொடலை வாங்க வேண்டும். கடையில் ஒரே ஒரு கேள்வி போதும்: "எத்தனையாம் மாடி அம்மா?" அந்தக் கேள்விக்கு வாடகை இல்லை, வரி இல்லை, டொலரும் தேவையில்லை.

இணையக் கடையின் செயலி அதைக் கேட்காதுதான், அதற்கு வாய் இல்லை. வாயுள்ள மனிதரைச் சம்பளம் கொடுத்து நிறுத்தி வைத்துக்கொண்டு, அவரையும் ஸ்டிக்கர் வாசிக்க மட்டும் விட்டால், நான் ஏன் பஸ் ஏறிப் போக வேண்டும்? ஸ்டிக்கரைப் போனிலேயே பார்க்கலாமே. படுத்துக்கொண்டே பார்க்கலாம்.

முன்பு இப்படியா இருந்தது? 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சி, 1982இல் ரூபவாஹினி. அந்தக் காலத்தில் அப்பா முதலாம் குறுக்குத் தெருவில் எங்கள் முதல் டீவியை வாங்கின கதையை வீட்டில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். முதலாளி விலையைச் சொல்லுமுன் வீட்டைக் கேட்டாராம். எந்தப் பகுதி, தனி வீடா, பக்கத்தில் உயரமான கட்டிடம் இருக்கிறதா, கரண்ட் ஏறி இறங்குமா. கேட்டுவிட்டு, "இந்தப் பெரிய டீவி உங்களுக்கு வேண்டாம், அடுத்ததை எடுங்கள், மிச்சக் காசுக்கு ஸ்டெபிலைசர் ஒன்று கொண்டு போங்கள்" என்றாராம். பெரியதை விற்றிருந்தால் அவருக்கு அன்று லாபம். அவர் விற்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஃபேன், அயன், பிரிட்ஜ், இரண்டு கலியாணச் சீர்வரிசை எல்லாம் அந்தக் கடையில்தான்.

காலி வீதியில் வீடு என்றால் கடல் பக்கமா, மற்றப் பக்கமா என்று கேட்பதும் அந்தத் தலைமுறையின் வழக்கம்தான். கடல் பக்கம் என்றால் உப்புக் காற்று. ஏசியின் வெளிப்பெட்டியில் உள்ள அலுமினியத் தகடு வேளைக்கே பொரிந்து போகும். அதற்கு ஏற்ற பூச்சுள்ளதை எடுத்துக் காட்டுவார்கள். இன்றைக்கு ஏசி விற்கும் இடத்தில் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்? போய்ப் பாருங்கள். என்னிடம் கேட்டது ஒரு கேள்விதான்: "காசா, கார்டா?" கார்ட் என்றால் மூன்று வீதம் கூடவாம்.

இதையும் சொல்ல வேண்டும். விலை எழுதி வைக்க மாட்டார்கள், கேட்டால் நம் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். முகநூலில் படம் போடுவார்கள், விலைக்கு இன்பாக்ஸ் வரச் சொல்வார்கள். வாரண்டி என்றால், ஏஜென்ட் வாரண்டியா, கடை வாரண்டியா என்பது பழுதான அன்றுதான் நமக்குத் தெரியவரும். அந்தக் கடையை மூடவைக்க அலிபாபா சீனாவில் இருந்து வர வேண்டுமா ஐயா?

அக்கா அமெரிக்காவையும் இழுத்தார். அங்கேயே பெரிய பெரிய கடைகள் அமேசானிடம் விழுந்தன, கொழும்பு எம்மாத்திரம் என்றார். சரி, போவோம் அமெரிக்காவுக்கு. விசா எனக்கும் இல்லை, கதையாகத்தான் போக முடியும்.

சர்க்யூட் சிட்டி என்று ஒரு பெரிய மின்சாதனக் கடைத் தொடர். 2007 மார்ச்சில் செலவைக் குறைக்கிறோம் என்று ஏறக்குறைய 3,400 விற்பனையாளர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். யாரை? சம்பளம் கூடியவர்களை. கடையில் சம்பளம் கூடியவர் யார்? பல வருடம் நின்றவர், சாமான் தெரிந்தவர், "எத்தனையாம் மாடி" என்று கேட்கக்கூடியவர். அவர்கள் இடத்துக்குக் குறைந்த சம்பளத்தில் புது ஆட்கள். 2008 நவம்பரில் வங்குரோத்து, 2009 மார்ச்சில் கடைசிக் கடையும் பூட்டு. அந்த வருடங்களில் உலகப் பொருளாதாரமே சரிந்துகொண்டிருந்தது என்பதும் உண்மைதான், அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் புயல் வருகிற நேரத்தில் நங்கூரத்தை அறுத்தது யார்?

ரேடியோ ஷாக் இன்னும் பாவம். 1921இல் பொஸ்டனில் தொடங்கியது. வானொலிப் பைத்தியம் பிடித்தவர்கள் வயரும் வால்வும் வாங்கப் போன கடை. பிறகு ஒரு காலத்தில், இரண்டு பேட்டரி வாங்கப் போனாலும் பெயர் என்ன, முகவரி என்ன என்று கேட்டு எழுதுவார்களாம். வீட்டைப் பற்றி அவர்களும் கேட்டார்கள், பாருங்கள், தபாலில் விளம்பரம் அனுப்ப! கடைசியில் பாகங்களை மூலைக்குத் தள்ளிவிட்டு, எல்லோரும் விற்கிற செல்போனை இவர்களும் விற்றார்கள். 2015 பெப்ரவரியில் வங்குரோத்து மனு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அக்கா கூடத்தை அளந்து காட்டிவிட்டார். ஆனால் அதே கோணல் கூடத்தில் ஒருவர் ஆடியும் காட்டினாரே, அதை அவர் சொல்லவில்லை. பெஸ்ட் பை என்ற மின்சாதனக் கடைத் தொடர். அதே அமெரிக்கா, அதே அமேசான். 2012இல் ஆள் முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். சனம் கடைக்கு வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் இணையத்தில் வாங்கியது. அந்த வருடம் ஊபேர் ஜோலி என்பவர் தலைமைக்கு வந்தார். முதல் வாரம் அலுவலகத்தில் உட்காரவில்லை, மினசோட்டாவில் ஒரு கடைக்குப் போய் ஊழியர்களோடு நின்றார். அப்புறம் இணைய விலையையே நாங்களும் தருகிறோம் என்றார்கள், வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், வெட்டியிருந்த ஊழியர் சலுகையைத் திருப்பிக் கொடுத்தார்கள். தொட்டுப் பார்க்க வருகிற சனம் வந்து பார்க்கட்டும் என்று சாம்சங் போன்ற கம்பனிகளுக்குக் கடைக்குள்ளேயே இடம் விட்டார்கள். கடை இன்றைக்கும் இருக்கிறது. இணையம் கொல்லும் என்றால், ஒருவரைக் கொன்று ஒருவரை ஏன் விட்டது?

சரி, டொலருக்கு வருவோம், அக்கா அதைச் சும்மா விட மாட்டார். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய், மே மாதம் 360. 2024 தை முதலாம் திகதி வற் வரி 18 வீதம். அடி பலமான அடி. ஆனால் இணையத்தில் விற்கிறவருக்கும் அதே டொலர், அதே வரிதானே? அதே 2022இல் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது சார்ஜ் பண்ணும் ஃபேன் தேடி நாங்கள் எங்கே ஓடினோம்? டெலிவரித் தம்பிகள் பெற்றோல் வரிசையில் நின்றார்கள். நாங்கள் நடந்து கடைக்குத்தான் போனோம். அன்று கடைக்கு ஒரு வாய்ப்பு வாசலில் வந்து நின்றது. சிலர் நாளுக்கொரு விலை சொல்லி அனுப்பினார்கள், அதுவும் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

கடை வாடகை என்ற வாதத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, அதை அக்காவே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்த கடைகளை இதே புறக்கோட்டையில் கரியைக் கூட்டித் தள்ளிவிட்டுத் திரும்பத் திறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர் திரும்பி வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று யோசியுங்கள். நெருப்புக்கே போகாத சனம் நூறு ரூபாய் விலைக் கழிவுக்கா போயிற்று?

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிடம்.

அம்மாவின் மிக்சி போன மாதம் சுற்றவில்லை. மோட்டார் உறுமுகிறது, பிளேட் அசையவில்லை. வாங்கிய கடையில் கேட்டோம், பாகம் வராது, புதிது எடுங்கள் என்றார்கள். இணையத்தில் தேடினால் அதுவும் புதிதைத்தான் காட்டுகிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு சந்துக்குள் ஓர் ஐயா இருக்கிறார், கடை நம் மேடையில் பாதிகூட இல்லை. ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தார், அடியில் இருந்த ரப்பர்ச் சில்லின் பல்லுத் தேய்ந்திருந்தது, டப்பாவில் துழாவி ஒன்றை எடுத்துப் போட்டார். பத்து நிமிடம். எனக்கு முன்னே வரிசையில் ஆறு பேர், அதில் இரண்டு பேர் கையில் இணையத்தில் வாங்கிய பெட்டி.

இதை நான் தேநீர் இடைவேளையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிரணித் தலைவி அக்கா மெல்ல வந்து என் காதில் அந்த ஐயாவின் கடை எங்கே என்று கேட்டார். அக்கா, இறங்கினதும் வழி சொல்கிறேன். ஆனால் இன்றைக்குப் போக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பூட்டு.