நாயகனைப் பாதியிலேயே சுட்டுவிடும் போலீஸ் படம்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குப் பேசப்போகிற படம் 'தி ப்ளூ லேம்ப்'. 1950 ஜனவரியில் பிரிட்டனில் வெளியானது. கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. எழுபத்தைந்து வருஷம் தாண்டிய படம் என்பதால் கதையை ஒளித்துவைக்காமல் சொல்லப்போகிறேன். பார்த்துவிட்டு வருகிறேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

சரி, கதைக்கு வருவோம். லண்டனில் பேடிங்டன் கிரீன் காவல் நிலையம். ஜார்ஜ் டிக்ஸன் என்று ஒரு கான்ஸ்டபிள். இத்தனை வருஷம் வேலை பார்த்தும் கான்ஸ்டபிளாகவே இருக்கிறார், ஓய்வு நெருங்கிவிட்டது. செடி வளர்ப்பார், வழி கேட்டு வருகிறவர்களுக்கு நின்று நிதானமாகச் சொல்லி அனுப்புவார். மகனைப் போரில் பறிகொடுத்த வீடு அது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆண்டி மிட்செல் அந்த வீட்டில் வாடகைக்குத் தங்குகிறான். கணவன் மனைவி இருவரும் அவனை மெல்ல மெல்லப் பிள்ளையாகவே ஆக்கிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மிட்செல் சாப்பிட உட்காரும்போது டிக்ஸனின் மனைவி அவனைக் கவனிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

படத்தின் முதல் பாதி இப்படித்தான் போகும். ரோந்து, ஸ்டேஷன் கேண்டீன், போலீஸ்காரர்களின் பாட்டுக் குழு. வேல்ஸ்காரர் ஒருவர் அந்தக் குழுவை வைத்துக்கொண்டு படாதபாடு படுகிறார். தெருவில் கணவன் மனைவி சண்டை, வீட்டை விட்டு ஓடிவந்த இளம்பெண். பெரிய மர்மம் என்று எதுவும் கிடையாது. 'போர் அடிக்கிறதே' என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை. ஆனால் அந்தச் சலிப்பு வேண்டுமென்றே வைத்தது. திரைக்கதை எழுதிய டி.ஈ.பி. கிளார்க் போர்க்காலத்தில் ரிசர்வ் போலீஸாக வேலை பார்த்தவர். ஒரு கான்ஸ்டபிளின் நாள் எதில் கரைகிறது என்று அவருக்குத் தெரியும். படத்தைத் தயாரித்த ஈலிங் ஸ்டூடியோவுக்கு அப்போது நகைச்சுவைப் படங்களால்தான் பெயர். 1949-இல் அவர்கள் வெளியிட்ட 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ'வை எழுதியதும் இதே கிளார்க்தான்.

இயக்கியவர் பேஸில் டியர்டன். லண்டன் போலீஸின் ஒத்துழைப்போடு, நிஜத் தெருக்களில் எடுத்தார். குண்டு விழுந்த காலி மனைகள், இடிந்த சுவர்கள், அதற்குள் விளையாடும் குழந்தைகள் எல்லாம் அப்படியே பதிவாகியிருக்கின்றன. போர் முடிந்து நாலு வருஷம் ஆகியும் ரேஷன் முடியாத ஊர் அது. பிற்பாடு 1970-இல் திறந்த வெஸ்ட்வே மேம்பாலச் சாலைக்காக அந்த வட்டாரத்தில் நிறைய இடித்துவிட்டார்கள். இன்றைக்கு அந்தத் தெருக்களைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்தப் படம்தான் மிச்சம்.

இன்னொரு பக்கம் டாம் ரைலி என்ற இளம் திருடன். அவனாக நடித்த திர்க் போகார்டுக்கு அப்போது 28 வயதுதான். ரைலியும் அவன் கூட்டாளி ஸ்பட்டும் பழைய திருடர்களின் ஜாதி இல்லை. படத்தின் தொடக்கத்தில் ஒரு குரல் இதைச் சொல்கிறது: பழைய ஆட்களுக்கு என்று ஒரு கட்டுப்பாடு உண்டு, போரின் குழப்பத்தில் வளர்ந்த இந்தப் பையன்களுக்கு அதுவும் கிடையாது. அந்தக் குரல் எனக்கு எரிச்சல்தான். செய்திப்படம் மாதிரி பாடம் நடத்துகிறது. ஆனால் இந்தக் கருத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு ஆகும்.

இப்போது அந்தக் காட்சி. ஹாரோ ரோட்டில் ஒரு சினிமா தியேட்டர். வசூல் பணத்தை அடிக்க வந்திருக்கிறார்கள். ரோந்தில் இருந்த டிக்ஸன் வந்து சேர்கிறார். ரைலி கையில் ரிவால்வர். டிக்ஸன் கையில் ஒன்றுமில்லை, லண்டன் கான்ஸ்டபிள் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. அவர் ஓடவில்லை, பதுங்கவில்லை. குறும்பு செய்யும் பையனிடம் கல்லை வாங்கப் போகிறவர் மாதிரி, 'அதைக் கீழே போடு' என்று சொல்லிக்கொண்டே நடந்து வருகிறார். ரைலி பின்வாங்குகிறான். கிட்டே வராதே, இது நிஜத் துப்பாக்கி என்று கத்துகிறான். போகார்டின் கண்களைப் பாருங்கள். துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவன்தான் அங்கே அதிகமாகப் பயந்தவன். பயத்திலேயே சுடுகிறான்.

டிக்ஸனை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பிழைத்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவர் மனைவி பூக்களை எடுத்து வைத்திருக்கிறார். மிட்செல் வந்து விஷயத்தைச் சொல்கிறான். அந்த அம்மா அழவில்லை. இந்தப் பூக்களைத் தண்ணீரில் வைக்க வேண்டும் என்கிறார். அதற்கப்புறம்தான் உடைகிறார். கிளாடிஸ் ஹென்சன் என்ற நடிகை. என்னைக் கேட்டால் மொத்தப் படத்திலும் இவர்தான் சிறந்த நடிப்பு. போகார்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவரை மறந்துவிடுகிறார்கள்.

சரி, கதாநாயகனைப் பாதியில் கொன்றாயிற்று. இனி மிட்செல் பழிவாங்கக் கிளம்புவான் என்றுதானே எதிர்பார்ப்போம்? அங்கேதான் இந்தப் படம் எனக்குப் பிடிக்கிறது. யாருமே கிளம்புவதில்லை. வேலை நடக்கிறது, அவ்வளவுதான். ஒரு சின்னப் பெண்ணிடம் ரிவால்வர் கிடைக்கிறது. எங்கே கண்டெடுத்தாய் என்று அவளிடம் அதட்டாமல், அவள் போக்கிலேயே விட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதைச் செய்கிற இன்ஸ்பெக்டர் செர்ரி யாரென்று பார்த்தால், பிற்பாடு ஜேம்ஸ் பாண்ட் படங்களில் பாண்டின் மேலதிகாரி 'எம்' ஆக வந்த பெர்னார்ட் லீ! ஒரு கொலையைத் துப்பறிகிற இன்ஸ்பெக்டர் குழந்தையிடம் கெஞ்சாத குறையாகப் பேசும் அந்த இரண்டு நிமிஷம், எத்தனையோ துரத்தல் காட்சிகளை விட எனக்குப் பரபரப்பாக இருந்தது.

துரத்தலும் இருக்கிறது, கவலைப்படாதீர்கள். கார் விபத்தில் முடிந்ததும் ரைலி வொயிட் சிட்டி ஸ்டேடியத்துக்குள் ஓடுகிறான். 1908 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய மைதானம், அப்புறம் நாய்ப் பந்தயம். உள்ளே பெருங்கூட்டம். ஒரு தனி ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? பந்தயம் பிடிக்கிற புக்கிகளுக்கு 'டிக்-டாக்' ஆட்கள் இருப்பார்கள். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, கை அசைவிலேயே பந்தய விலையை மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சொல்லிவிடுவார்கள். போலீஸ் அவர்களிடம் உதவி கேட்கிறது. சட்டத்தோடு அவ்வளவாகச் சிநேகம் இல்லாத ஆட்கள்தான், ஆனால் போலீஸ்காரரைச் சுட்டவனுக்கு அங்கேயும் இடம் கிடையாது. கைகள் அசைகின்றன. ரைலி எந்த வாசலுக்குப் போனாலும் சேதி அவனுக்கு முன்னால் போய்விடுகிறது. பந்தயம் முடிந்து கலைகிற கூட்டத்துக்குள்ளேயே அவன் நசுங்குகிறான். தொடக்கத்தில் அந்தக் குரல் சொன்ன 'பழைய ஆட்களின் கட்டுப்பாடு' இதற்குத்தான்.

இது போலீஸுக்கு விளம்பரம் மாதிரி இல்லையா என்றால், ஆமாம், இருக்கிறது. படத்தையே போலீஸ் துறைக்குத்தான் காணிக்கை ஆக்கியிருக்கிறார்கள். இந்தப் பேடிங்டனில் லஞ்சம் வாங்குகிறவர் இல்லை, கை நீட்டி அடிக்கிறவர் இல்லை. நம்பச் சற்றுக் கஷ்டம்தான்.

அப்புறம், தூக்கு. அன்றைக்கு பிரிட்டனில் கொலைக்கு மரண தண்டனை. படம் அதைக் காட்டவே இல்லை, கைதோடு சரி. ஆனால் பார்த்தவர்கள் எல்லோருக்கும் ரைலிக்கு என்ன ஆகும் என்று தெரியும். 1948 பிப்ரவரியில் லண்டனில் நதானியல் எட்கர் என்ற கான்ஸ்டபிளைச் சுட்டுக் கொன்றவன் தூக்கிலிருந்து தப்பினான். மரண தண்டனையை நிறுத்திவைப்பது பற்றி அப்போது நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. 1952-இல் க்ராய்டனில் ஒரு கான்ஸ்டபிள் சுடப்பட்டபோது நிலைமை வேறு. சுட்ட பையனுக்கு 16 வயது, தூக்கு கிடையாது. அவன் கூட்டாளி, சுடும்போது ஏற்கெனவே போலீஸ் பிடியில் இருந்த 19 வயது டெரெக் பென்ட்லியைத் தூக்கில் போட்டார்கள். 1998-இல்தான் அந்தத் தீர்ப்பு ரத்தானது. இதைத் தெரிந்துகொண்டு படத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்தால், அந்தக் கூட்டம் ரைலியை நெருக்கும்போது கைதட்டத் தோன்றாது.

டிக்ஸன் கதை அதோடு முடியவில்லை. படத்தின் மூலக்கதையை எழுதிய இருவரில் ஒருவரான டெட் வில்லிஸ், 1955-இல் பிபிசிக்காக 'டிக்ஸன் ஆஃப் டாக் கிரீன்' என்ற தொடரை உருவாக்கினார். செத்துப்போன டிக்ஸன் எந்த விளக்கமும் இல்லாமல் உயிரோடு வந்துவிட்டார்! நடித்ததும் படத்தில் டிக்ஸனாக வந்த அதே ஜாக் வார்னர். தொடர் 1976 வரை ஓடியது, முடியும்போது வார்னருக்கு 80 வயது. எந்த ஊரில் 80 வயதில் போலீஸ் வேலை கொடுக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், மக்கள் அவரை விடவில்லை.

படம் பார்க்கிறவர்கள் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கால லண்டன் பேச்சு சில இடங்களில் பிடிபடாது. அடுத்த வீடியோவில் இதே டியர்டனும் போகார்டும் 1961-இல் சேர்ந்து செய்த 'விக்டிம்'. அதில் போகார்டு ஒரு வக்கீல். சட்டமே குற்றமாக்கிய ஓர் உறவை வைத்து மிரட்டிப் பணம் பறிக்கிறவர்களோடு மோதுகிறார். முடிந்தால் அதற்குள் இதைப் பார்த்துவிடுங்கள், இரண்டையும் சேர்த்துப் பேசலாம்.