ஏப்ரல் மாதப் பணம் ஏப்ரலில் வர வேண்டும்

பெருமதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களே, பணி நெருக்கடியிலும் வந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர்களே, கிராம சுகாதார செவிலியர் சகோதரிகளே, கூலி வேலையை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளிர் சுய உதவிக் குழுத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

‘மாநில வரவு செலவுத் திட்டமும் மக்கள் நலவாழ்வும்’ என்பது தலைப்பு. பட்ஜெட் புத்தகத்தைப் படிப்பது எப்படி, மருத்துவக் காப்பீட்டுக்குப் போகும் பணம், முதியோர் ஓய்வூதியம் என்று மூன்றைப் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பட்ஜெட் நாளில் தொலைக்காட்சியில் ஓடுகிற தொகை ஏட்டுச் சுரைக்காய். அது மதிப்பீடு மட்டுமே. ஒவ்வொரு துறைக்கும் பணம் கேட்டுச் சட்டமன்றத்தில் வைக்கப்படும் மானியக் கோரிக்கைகளில் 19-ஆம் எண் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு உரியது. அதில் ஒவ்வொரு செலவு இனத்துக்கும் நேரே நான்கு தொகைகள் இருக்கும்: முந்தைய ஆண்டின் கணக்கு, நடப்பாண்டு மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு. எல்லோரும் கடைசித் தொகையைப் படிக்கிறோம். படிக்க வேண்டியது முதல் தொகையை. அதுதான் உண்மையில் செலவானது. அந்தக் கணக்கையும், அதே ஆண்டுக்கு முன்பு அறிவித்த மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்த இனத்தில் பணம் செலவாகாமல் நின்றது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எந்தச் செலவு எந்த வகை என்று காட்டும் கணக்குத் தலைப்பு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 2210 மருத்துவமும் பொதுச் சுகாதாரமும். அதற்குள் 03 என்பது ஊரகச் சுகாதாரம். 2211 குடும்ப நலம், 2235 சமூகப் பாதுகாப்பு, 2236 ஊட்டச்சத்து. கட்டடம் கட்டும் பணம் 4210-இல் வரும். 4210-இல் கட்டடம் எழும்பியதும், அடுத்த ஆண்டு முதல் 2210-இல் செவிலியர் சம்பளமும் மின் கட்டணமும் பராமரிப்பும் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் திறப்பு விழாக் கல்வெட்டு இருக்கும், உள்ளே ஆள் இருக்க மாட்டார்.

ஏன் பணம் நிற்கிறது? ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை மனதில் வையுங்கள். தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டி அங்கே இருக்கிறது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மே மாதம், மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. ஸ்டெபிலைசர் பழுதாகிறது. மருந்தாளுநர் கடிதம் எழுதுகிறார். மருத்துவ அலுவலர் வட்டாரத்துக்கு அனுப்புகிறார். வட்டாரத்தில், “இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு இன்னும் வரவில்லை” என்கிறார்கள். ஏன் வரவில்லை? தேசிய நலவாழ்வுக் குழுமப் பணத்தில் ஒன்றிய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். ஒன்றியப் பங்கு வர வேண்டும், மாநிலம் தன் பங்கைச் சேர்க்க வேண்டும், அதன் பிறகுதான் மாவட்டத்துக்கு. அடுத்த தவணைக்கு, முந்தைய பணத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். பல நிலையங்களில் ஒன்று சான்றிதழ் தராவிட்டாலும் மொத்தக் கோப்பும் காத்திருக்கும். ஜூலை போகிறது, செப்டம்பர் போகிறது. ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓடிய பெட்டியின் கம்ப்ரஸர் ஒருநாள் எரிந்துபோகிறது. நள்ளிரவில் எரிந்ததைக் காலையில்தான் பார்க்கிறார்கள். உள்ளே இருந்த தடுப்பூசிகளைக் குளிர்ப்பெட்டியில் அள்ளிக்கொண்டு பக்கத்து நிலையத்துக்கு ஓட வேண்டும். அன்றைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய், “அடுத்த புதன்கிழமை வாம்மா” என்ற பதிலோடு திரும்புகிறாள். பிப்ரவரி கடைசியில் பணம் வருகிறது, “மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்குக் காட்டு” என்ற குறிப்போடு! இப்போது ஸ்டெபிலைசர் வாங்கிப் பயனில்லை, பெட்டியே போய்விட்டது. புதுப்பெட்டிக்கு இந்தத் தொகை போதாது. அதனால் நாற்காலியும் பெயர்ப்பலகையும் வாங்குகிறார்கள். ஆண்டுக் கணக்கில் அது செலவு. தாய்க்கு அது ஏட்டுச் சுரைக்காய்.

இதில் எந்த அலுவலரும் திருடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேசிய நலவாழ்வுக் குழும விதிப்படி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 1,75,000 ரூபாய் நிபந்தனையில்லா நிதியாகக் கணக்கிடப்பட்டது. தொகையைவிட அது வருகிற மாதம்தான் கெடுக்கிறது.

மாற்று வழி வெளிநாட்டில் இல்லை, நம்மிடமே இருக்கிறது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் ஒரே விலை ஒப்பந்தம், மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். பாஸ்புக்கில் ஆண்டுத் தொகை இருக்கும். அந்த மதிப்புக்குள் வேண்டிய மருந்தைக் கிடங்கில் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாத்திரைக்கும் கோப்பு போட வேண்டியதில்லை. மருந்துக்குச் செய்ததைப் பராமரிப்புக்கும் செய்யுங்கள் என்பதே என் கோரிக்கை. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் பராமரிப்பு பாஸ்புக். ஒன்றியப் பங்கு வரும்வரை மாநில நிதியிலிருந்து முன்பணம், வந்ததும் ஈடு செய்துகொள்ளலாம். அரசமைப்பின் 206-ஆம் பிரிவின்படி, பட்ஜெட் முழுதாக நிறைவேறும் முன்பே செலவுக்குச் சட்டமன்றம் தரும் முன்பண மானியம் பெற்று ஏப்ரலில் சம்பளம் போடத் தெரிந்த நிதித்துறைக்கு இது முடியாததல்ல.

காப்பீட்டுக்கு வருகிறேன். 2009-இல் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. உயிர் காத்த திட்டம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காப்பீடு படுக்கையில் சேர்ந்த பிறகுதான் பேசும். சர்க்கரை மாத்திரையை இன்று தராவிட்டால், சில ஆண்டு கழித்து டயாலிசிஸ் கட்டணத்தை அதே அரசு தருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெண் ஊழியரின் பையில் இருக்கும் இரத்த அழுத்தமானிக்குப் பேட்டரி மாற்றவும் ஏப்ரல் பணம்தான் வேண்டும். 2017 தேசிய நலவாழ்வுக் கொள்கை, மாநிலங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் நலவாழ்வுக்குத் தர வேண்டும், அரசின் நலவாழ்வுச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப சிகிச்சைக்குப் போக வேண்டும் என்று எழுதியது. எழுதியது சரி; ஏட்டுச் சுரைக்காயாக விட்டுவிடக் கூடாது.

முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரை ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2023-இல் தமிழ்நாடு ஓய்வூதியத்தை 1,200 ரூபாய் ஆக்கியது. எஞ்சிய சுமை மாநிலத்தின் தலையில். தலைவர் மணி பார்க்கிறார், அதை இன்னொரு கூட்டத்தில் விரிவாகச் சொல்கிறேன்.

மே 1 அன்று உங்கள் ஊரில் கிராம சபை கூடும். எழுந்து நின்று, “நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த ஆண்டுப் பராமரிப்புப் பணம் எந்தத் தேதியில் வந்தது, எவ்வளவு வந்தது?” என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வரவில்லை என்றால், ‘வரவில்லை’ என்றே எழுதச் சொல்லிக் கையெழுத்திடுங்கள். நன்றி, வணக்கம்.