முதலில் காது, அப்புறம் வாய்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் குழந்தைகளுக்குக் கர்நாடக சங்கீதத்தை எப்படிப் பழக்குவது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பாட வராது. ஆடுதுறைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நான் வாய் திறந்தால் வீட்டில் பூனை எழுந்து போய்விடும். ஆனால் கேட்பேன், ஐம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் பாடத் தெரியாத அப்பா அம்மா, தாத்தா பாட்டிகளுக்காகத்தான் இந்தப் பேச்சு.

நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என் மகளை ஐந்து வயசில் விஜயதசமி அன்றைக்கு வெற்றிலை பாக்கு தட்சிணையோடு கொண்டுபோய் ஒரு பாட்டு வகுப்பில் சேர்த்தேன். சரளி வரிசை, ஜண்டை வரிசை என்கிற ஆரம்பப் பயிற்சிகள், அதற்கான மாயாமாளவகௌளை ராகம், எல்லாம் முறைப்படிதான் நடந்தது. எட்டு வயசில் பிள்ளை சுருதிப் பெட்டிச் சத்தம் கேட்டாலே கிணற்றடிக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. வகுப்பின் மேல் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அந்தக் குழந்தை அதுவரைக்கும் ஒரு முழுப் பாட்டைக் கேட்டதே கிடையாது, வீட்டில் நான் கேட்டதெல்லாம் அவள் தூங்கின பிறகு, ஹெட்போனில். யாரும் பேசியே கேட்காத பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து அ, ஆ எழுது என்றால் எப்படி இருக்கும்? அதைத்தான் நான் செய்தேன், காலையில் வெறும் வயிற்றில் கசாயம் கொடுக்கிற மாதிரி.

பேரன் வந்தபோது தீர்மானமாக இருந்தேன். முதலில் காது, அப்புறம்தான் வாய். வகுப்பு, குரு, தட்சிணை எல்லாம் அவனே கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

அவனுக்கு ஏழு வயசில் நடந்த ஒரு சமாச்சாரம். இதை நான் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் இல்லை, இன்றைக்கு நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். மழைக்காலம், பள்ளிக்கூடம் லீவு. நான் ஊஞ்சலில் உட்கார்ந்து சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பையன் தரையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்று ஒன்று ஆரம்பித்ததும் கார் நின்றுவிட்டது. எழுந்து வந்து, “தாத்தா, இது இங்கிலாந்து மேட்ச் பாட்டு!” என்றான். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது, உலகக் கோப்பை ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணிகளும் வரிசையாக நின்று தேசிய கீதம் பாடுவார்கள் அல்லவா, அதில் இங்கிலாந்து பாடுகிற மெட்டு. அதேதான்! பையன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டுக்குத்தான் தீட்சிதர் சமஸ்கிருதத்தில் வார்த்தை போட்டிருக்கிறார். ராஜாவை இறக்கிவிட்டு அந்த இடத்தில் சங்கீத சியாமளையை, அதாவது சங்கீதத்துக்கே தெய்வமானவளை, உட்கார வைத்துவிட்டார்.

“அவருக்கு எப்படித் தாத்தா அந்தப் பாட்டு தெரியும், அப்ப டிவி இருந்துச்சா?” இது அடுத்த கேள்வி. பாருங்கள், நானாகக் கூப்பிட்டு உட்கார வைத்து தீட்சிதர் சரித்திரம் சொல்லியிருந்தால் இரண்டாவது நிமிஷம் ஓடியிருப்பான். இப்போது அவனே கேட்கிறான். சொன்னேன். தீட்சிதர் நம்ம திருவாரூர்க்காரர், அவருடைய அப்பா ராமசுவாமி தீட்சிதரும் பெரிய வித்துவான், நீ பிள்ளையார் சதுர்த்திக்குக் கேட்கிறாயே ‘வாதாபி கணபதிம்’, அந்த ஹம்ஸத்வனி ராகமே அப்பா கண்டுபிடித்ததுதான். குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் கொஞ்ச காலம் இருந்தது, கோட்டையில் வெள்ளைக்காரன் பேண்டு வாசிப்பான், அதைக் கேட்டுக் கேட்டு அந்த மெட்டுகளுக்குப் பாட்டு எழுதினார், அவைதான் நொட்டுஸ்வரம். அவர் தம்பி பாலுசுவாமி ஒருபடி மேலே போய் வெள்ளைக்காரனுடைய பிடிலையே கற்றுக்கொண்டு நம்ம சங்கீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். கச்சேரியில் பாடகருக்குப் பக்கத்தில் ஒருவர் மார்பில் சாய்த்து வாசிக்கிறாரே, அது அப்படி வந்ததுதான்.

நொட்டுஸ்வரத்தில் இன்னொரு வசதி. ஒவ்வொன்றும் சின்னது, நெளிவு சுளிவு இல்லாமல் சுரம் நேர் நேராக நிற்கும், எல்லாம் சங்கராபரண ராகத்தின் அமைப்பில் இருக்கும். குழந்தை பாடிவிடும். நான்கூடப் பாடிவிடுவேன், பூனை எழுந்திருக்காது. ஒரு மாசம் ஒரே பாட்டுதான் போட்டேன், வேறு போடவில்லை. இதுதான் என் பிடிவாதம். தினம் ஒரு புதுப் பாட்டு போடாதீர்கள். நமக்கு அலுக்கும், குழந்தைக்கு அலுக்காது, அதே கதையை நூறு தடவை கேட்கிற ஜாதி அது. முப்பது நாள் ஒரே பாட்டு, சாப்பிடும்போதோ, தலை வாரும்போதோ, அது பாட்டுக்கு ஓடட்டும். “கவனி” என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலில் காது.

சரி, நம்ம பக்கத்துக்காரர்களுக்கு ஒரு பெரிய கொடுப்பினை இருக்கிறது. நாம் யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. நாதஸ்வரம். கல்யாணத்துக்குக் குழந்தையைக் கூட்டிப்போனால் நேரே பந்திக்கு இழுத்துப் போகாமல் கொஞ்ச நேரம் மேளக்காரர் பக்கத்தில் உட்கார வையுங்கள். பேரன் அப்படி உட்கார்ந்தபோது நாதஸ்வரத்திலிருந்து ஒரு கொத்து தொங்குவதைப் பார்த்து “இது என்ன சாவிக்கொத்தா?” என்றான். வாசிக்கிறவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கொத்திலிருந்து ஒரு சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதுகிற துண்டை, எடுத்து, நாக்கில் வைத்து ஈரமாக்கி, உதட்டில் வைத்து ஊதிக் காட்டினார், வாத்துக்குஞ்சு கத்துகிற மாதிரி ‘பீ’ என்று ஒரு சத்தம். அப்புறம் அதைக் கொண்டுபோய்க் குழலில் சொருகினார், அதே மூச்சு கல்யாணி ராகமாக வந்தது. பையன் வாயைப் பிளந்துவிட்டான். அந்தச் சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்வது, காவேரிக் கரையில் விளைகிற புல்தான். குழல் ஆச்சா மரம், எங்கள் ஊருக்குப் பக்கத்திலே இருக்கிற நரசிங்கம்பேட்டையில் கடைந்தது, 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கொடுத்தார்கள். அதற்கு அடுத்தாற்போல் திருவாவடுதுறை, தோடி ராகம் என்றால் நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளை என்று உலகமே சொன்ன ஊர். இதெல்லாம் சைக்கிள் தூரம்.

கோயிலிலும் அப்படித்தான். சுவாமி புறப்பாடு என்றால் நாதஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்கள், அது கம்பீரநாட்டை ராகம். ராத்திரி பள்ளியறைக்கு நீலாம்பரி. ராகத்தின் பெயரைக் குழந்தைக்குச் சொல்ல வேண்டியதில்லை. “சாமி கிளம்பிட்டார்”, “சாமி தூங்கப் போறார்” என்று சொன்னால் போதும். இரண்டு வருஷத்தில் அவனே வீட்டுக்குள்ளிருந்தபடி “சாமி கிளம்பிட்டார் தாத்தா” என்று கத்துவான், நீங்கள் செருப்பைத் தேட வேண்டியிருக்கும்.

தியாகராஜரைச் சொல்லாமல் போனால் திருவையாறு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். அவரைப் பெரிய மகான் என்று ஆரம்பித்தால் குழந்தை கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடும். தெருவில் தம்பூராவோடு பாடிக்கொண்டே போய், போட்ட அரிசியை வாங்கி வந்து அன்றைய சாப்பாட்டை முடித்துக்கொண்ட மனுஷர் என்று சொல்லுங்கள். உஞ்சவிருத்தி. நான் இதைச் சொன்ன மறுநாள் பேரன் எவர்சில்வர் சொம்பை எடுத்துக்கொண்டு கூடம், அடுக்களை, கொல்லை என்று பாடிக்கொண்டே சுற்றி, அவன் பாட்டியிடம் அரைப்படி அரிசி தேற்றிவிட்டான். “இவ்வளவு போதுமா தாத்தா ஒரு நாளைக்கு?” என்று என்னிடம் கணக்குக் கேட்டான், வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அப்புறம் கும்பகோணத்தில் பஸ் மாறி திருவையாறு கூட்டிப்போனேன். ஆராதனை விழாக் கூட்டத்தில் போகவில்லை, கூட்டத்தில் குழந்தைக்குத் தெரிவது பெரியவர்கள் முதுகு மட்டும்தான். சாதாரண நாளில் போனால் தியாகராஜர் சமாதியில் அமைதியாக இருக்கும், எதிரே ஒரு அம்மாள் சிலை இருக்கும், “இந்தப் பாட்டி யார்?” என்று குழந்தை நிச்சயம் கேட்கும். பெங்களூர் நாகரத்தினம்மாள் என்கிற பாடகி. இந்தச் சமாதிக் கோயிலைத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் எழுப்பினவர்.

வெளியே வந்தால் காவேரி. தியாகராஜர் இந்த ஆற்றைப் பற்றியே அசாவேரி ராகத்தில் ஒரு பாட்டு பாடியிருக்கிறார், ‘ஸாரி வெடலின’ என்று. ஓரிடத்தில் பயங்கரமாக உறுமுகிறாள், ஓரிடத்தில் கருணையோடு போகிறாள், இன்னார் இனியார் என்று பார்க்காமல் கேட்டதைக் கொடுக்கிறாள் என்று வரும். மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் உங்கள் ஊர் வாய்க்காலுக்கு வருகிற அன்றைக்கு, பிள்ளைகள் எல்லாம் மதகுக்கு ஓடும் பாருங்கள், அங்கே போனில் இந்தப் பாட்டைப் போடுங்கள். தெலுங்கு புரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அர்த்தம்தான் காலடியில் ஓடுகிறதே.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிஷம்தானாம். தமிழ்ப் பாட்டைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகள், அதில் ‘யாரோ இவர் யாரோ’, கன்னி மாடத்தில் சீதையைப் பார்த்துவிட்டு ராமன் கேட்கிற கேள்வி. அதைக் கதையோடு சொன்னால் குழந்தைகள் விட மாட்டார்கள். நந்தனார் சரித்திரம் செய்த கோபாலகிருஷ்ண பாரதியாரும் இந்த மண்ணுக்காரர்தான். பட்டியல்தான் போட முடிகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

தீட்சிதர், தியாகராஜரோடு சேர்த்துச் சொல்கிற மும்மூர்த்திகளில் மூத்தவர் சியாமா சாஸ்திரிகள், 1762-ல் பிறந்தவர், அவரைக் கடைசியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். தஞ்சாவூர் மேல வீதியில் பங்காரு காமாட்சி கோயில் இருக்கிறதே, அந்த அம்மனுக்குப் பூஜை செய்தவர். பைரவி ராகத்தில் ஸ்வரஜதி என்று அவர் ஒரு பாட்டு செய்திருக்கிறார், அதில் எட்டு சரணம், ஒவ்வொன்றும் ச, ரி, க என்று முன்னதைவிட ஒரு சுரம் மேலே ஆரம்பிக்கும். வீட்டு மாடிப்படியில் குழந்தையை நிறுத்தி, சரணத்துக்கு ஒரு படி ஏறச் சொல்லுங்கள், எட்டாவது படியில் மேல் சட்ஜம், அதாவது மேல் ச... கை காட்டிவிட்டார்கள். பைரவியை இன்று ராத்திரியே போடுங்கள். வணக்கம்.