படத்துக்குக் கீழ மூணு வரி

எல்லாருக்கும் வணக்கம். போட்டோ எடுக்கிற உங்ககிட்ட கவிதையைப் பத்திப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். நான் நேரா ஒரு படத்துல இருந்தே ஆரம்பிச்சிடுறேன்.

தனுஷ்கோடி. நீங்க பாதிப்பேர் போயிருப்பீங்க, அந்தக் கூரை போன சர்ச் சுவரைப் படம் எடுக்காம யாரும் திரும்பியிருக்க மாட்டீங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல ஊரே போச்சு, பாம்பன்ல இருந்து வந்த பயணிகள் ரயில் அப்படியே கடலோட போச்சு. நானும் அந்த சுவரை எடுத்தேன், நல்ல சாயங்கால வெளிச்சம், ஓரத்துல சங்கு பாசி விக்கிற ஒரு அம்மா தார்ப்பாய் விரிச்சு உக்காந்திருந்தாங்க, அவங்க இருந்தா அந்த வெறிச்சோடின பீல் கெட்டுப்போகும்னு கிராப் பண்ணி வெட்டிட்டேன். கீழ "கடல் தின்ற ஊர், காத்து மட்டும் மிச்சம்"னு ஒரு வரி போட்டேன். லைக் நிறைய வந்துச்சு. ஆனா எனக்குள்ள என்னமோ உறுத்திக்கிட்டே இருந்துச்சு, என்னன்னு புரிய ரொம்ப நாளாச்சு.

புரிய வெச்சது குறுந்தொகை 41ஆம் பாட்டு. மொத்தமே ஆறு வரி. அவர் பக்கத்துல இருந்தா திருவிழா நடக்கிற ஊர் மாதிரி சந்தோஷமா இருக்கேன், அவர் பிரிஞ்சு போன நாள்ல எப்படி இருக்கேன் தெரியுமான்னு காதலனைப் பிரிஞ்ச ஒரு பொண்ணு தோழிகிட்ட சொல்றா. "மக்கள் போகிய அணிலாடு முன்றில்" இருக்கிற வீடு மாதிரி இருக்கேன்ங்கிறா. ஜனங்க விட்டுட்டுப் போன வீடு, முத்தத்துல அணில் விளையாடுது. அவ்ளோதான். இதை ஒரு போட்டோகிராபரா யோசிச்சுப் பாருங்க, காலி வீட்டைக் காட்ட அந்தப் புலவர் காலியா எதையும் காட்டல, ஒரு உயிரைக் கொண்டாந்து வெச்சிருக்கார். மனுஷ நடமாட்டம் இருந்தா அணில் அவ்ளோ தைரியமா முத்தத்துல ஓடாது இல்லையா, அது ஓடுறதுலதான் அந்த வீடு எவ்ளோ நாளா பூட்டிக் கிடக்குன்னு தெரியுது. அந்தப் புலவரோட சொந்தப் பேர் நமக்குத் தெரியாது. அணிலாடு முன்றிலார்னுதான் பேரு. அவர் எடுத்த படமே அவருக்குப் பேராயிடுச்சு!

நான் என்ன பண்ணியிருக்கேன் பாருங்க, என் படத்துல இருந்த அணிலை நானே வெட்டி எறிஞ்சிருக்கேன். அந்த சங்கு விக்கிற அம்மாதான் அந்தப் படத்தோட அணில். நல்லவேளை ஒரிஜினல் பைல் இருந்துச்சு, திரும்ப முழுப் பிரேமா எடுத்தேன், எழுதின வரியையும் தூக்கிட்டேன். அன்னைக்கு அவங்க என்கிட்ட சொன்னது ஞாபகம் வந்துச்சு, அதையே எழுதினேன்.

காதுல வெச்சுப் பாருங்கன்னு
சங்கை நீட்டுறாங்க
பின்னாடி முழுக்கடல்

இது பெரிய கவிதைன்னு சொல்ல வரல. ஆனா முதல் வரி இருக்கே, அந்தக் குரல், அது படத்துல வராது. முன்னாடி எழுதினது படத்துல கண்ணுக்குத் தெரியுறதையே திரும்பச் சொல்லிட்டு இருந்துச்சு. இடிஞ்ச சுவரைக் காட்டிட்டுக் கீழ இடிஞ்ச ஊர்னு எழுதுறதுக்குக் கவிதை எதுக்கு? நான் இன்னைக்கு உங்ககிட்ட கேட்டுக்கிற விஷயம் இதுதாங்க, படம் எதைப் பிடிக்க முடியாம விட்டுச்சோ அதை எழுதுங்க. சத்தம், வாசனை, யாரோ சொன்ன பேச்சு, கிளிக் பண்றதுக்கு முன்னாடி பத்து நிமிஷம், அப்புறம் பத்து நிமிஷம்.

சத்தம்னு சொன்னேன்ல, அதுக்கும் குறுந்தொகைலயே ஒண்ணு இருக்கு, 54ஆம் பாட்டு. தினைப்புனத்துல காவல்காரங்க கவண்ல கல் எறியுறாங்க, அந்த சத்தத்துல யானை மிரண்டு, வளைச்சுப் பிடிச்சிருந்த பச்சை மூங்கிலை விட்டுடுது, மூங்கில் மீன் மாட்டின தூண்டில் மாதிரி விசுக்னு மேல எழும்புது. இவருக்கும் சொந்தப் பேர் நமக்குக் கிடைக்கல, மீனெறி தூண்டிலார்தான். உங்க கேமராவுல ஷட்டர் வேகத்தை 1/2000 செகண்டுக்கு வெச்சா அந்த மூங்கில் எழும்புறதை நிறுத்திப் பிடிச்சிடலாம், யானை மிரண்ட கண்ணைக் கூட பிடிக்கலாம், கவண் சத்தத்தை எந்த லென்ஸ் பிடிக்கும்? அதுக்குத்தான் வரி வேணும்.

இதுலயே நான் பண்ணின இன்னொரு தப்பு. கொல்லிமலை ஆகாய கங்கை அருவியை டிரைபாட் போட்டு, பில்டர் மாட்டி, ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வெக்கிற லாங் எக்ஸ்போஷர்ல எடுத்தேன், தண்ணி பால் மாதிரி, பஞ்சு மாதிரி இறங்குது. கீழ காது அடைக்கிற இரைச்சல்னு எழுதியிருந்தேன். பார்த்த ஒரு தம்பி "அண்ணே, படத்துல சத்தமே இல்லையே"ன்னான். சரியாத்தான் சொன்னான். ஷட்டரை நீட்டினா தண்ணி ஊமையாயிடும், அது அமைதியான படம், அதுக்கு இரைச்சல்னு எழுதினா ரெண்டும் ரெண்டு பக்கம் இழுக்குது. சத்தம் வேணும்னா துளி துளியா தெறிக்கிற மாதிரி வேகமான ஷட்டர்ல எடுத்திருக்கணும். எடுக்கும்போதே வரி மனசுல ஓடணும்னு சொல்றது இதுக்குத்தான்.

அடுத்தது நேரம். தொல்காப்பியம் பாட்டுக்கு அடிப்படையா, முதற்பொருள்னு சொல்றது நிலத்தை மட்டும் இல்லைங்க, நிலமும் பொழுதும். முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல். நாம என்ன பண்றோம், கோல்டன் ஹவர் கோல்டன் ஹவர்னு, சூரியன் உதிக்கிற மறையுற நேரமாப் பார்த்து எல்லா ஊரையும் ஒரே மஞ்சள் வெளிச்சத்துல எடுக்கிறோம், மலையும் அப்படித்தான் வயலும் அப்படித்தான் கடலும் அப்படித்தான். உச்சி வெயில்ல கேமராவை வெளிய எடுக்காதேன்னு எல்லாரும் சொல்லிக் குடுப்பாங்க. நான் தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டுக்கு ஒரு தடவை வேணும்னே மதியம் பன்னெண்டு மணிக்குப் போனேன். சாத்தான்குளம் பக்கம் போனா தெரியும், இரும்புச் சத்து ஏறின செக்கச்செவேல்னு மணல், மேடு மேடா, நடுவுல பனையும் உடைமரமும். வெளிச்சம் பிளாட்டா இருக்கு, பனை அடியில தவிர நிழலே இல்ல, டெக்ஸ்ச்சர் செத்துப்போச்சு, போட்டோ இலக்கணப்படி எல்லாமே தப்பு. ஆனா அந்த இடம் அந்த நேரத்துலதான் அந்த இடமா இருந்துச்சு. கால் பொசுங்குது.

பனை நிழல்ல
ஒரு கால் வெச்சு நிக்கிறேன்
அடுத்த பனை எவ்ளோ தூரம்

சாயங்காலம் எடுத்திருந்தா நிழல் நீளமா அழகா விழுந்திருக்கும், இந்த மூணு வரியும் பொய்யாயிருக்கும்.

சின்னச் சின்ன விஷயம் கொஞ்சம் வேகமா சொல்லிடுறேன். எழுத்தைப் படத்து மேல போடாதீங்க, கீழ போடுங்க, வானம் காலியா இருக்குன்னு அங்க எழுதினா அந்த வானம் போச்சு. போன்ல படிக்கிறவங்க ஸ்குரோல் பண்ணாம பார்க்கிற அளவுக்கு வரி இருக்கட்டும். ஏகாந்தம், மௌனம், நிசப்தம் இந்த மூணு வார்த்தையையும் ஒரு வருஷத்துக்குத் தொடாதீங்க. ஸ்பாட்லயே ரெண்டு வார்த்தை நோட் பண்ணுங்க, வீட்டுக்கு வந்து எழுதினா ஞாபகத்துல இருந்து வராது, படத்தைப் பார்த்துத்தான் வரும், அப்புறம் பழையபடி அதையேதான் திரும்பச் சொல்லுவோம்.

ஜப்பான்காரங்க இதை ஒரு கலையாவே வெச்சிருந்தாங்க, ஹைகான்னு பேரு, ஒரே தாள்ல ஓவியமும் ஹைக்கூவும். 18ஆம் நூற்றாண்டுல இருந்த பூசன் ரெண்டுலயும் கை தேர்ந்தவர். அவருக்கு முன்னாடி வந்த ஹைக்கூ கவிஞர் பாஷோ 1689ல எடோ நகரத்துல இருந்து கிளம்பி வடக்கு நாடு முழுக்க மாசக்கணக்கா நடந்தார், போன இடமெல்லாம் கவிதை. அவர் ரொம்ப நாளா ஏங்கிக்கிட்டு இருந்த இடம் மட்சுஷிமா, கடலுக்குள்ள பைன் மரம் முளைச்ச நூத்துக்கணக்கான குட்டித் தீவுங்க. அங்க வந்து சேர்ந்ததைப் பத்தி எழுதின பக்கத்துல கூட வந்த சீடர் சோராவோட கவிதை இருக்கு, பாஷோவோட கவிதை இல்ல. படுத்தாராம், தூக்கம் வரலையாம். எனக்கு இதைப் படிச்சப்போ உடம்பு சிலிர்த்துப்போச்சு. அவ்ளோ பெரிய ஆளு, அவ்ளோ ஆசைப்பட்ட இடத்துல வார்த்தையை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கார்.

என்கிட்டயும் அப்படி ஒரு படம் இருக்குங்க. 2018, மூணாறு. பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற குறிஞ்சி அந்த வருஷம் பூக்க வேண்டியது, ஆகஸ்ட்ல கேரளாவுல வெள்ளம், ரோடெல்லாம் சரிஞ்சு போச்சு. தண்ணி வடிஞ்ச அப்புறம் போனேன். ஒரு பக்கம் மண்ணு சரிஞ்ச மலை, செவப்பா கிழிஞ்ச மாதிரி இருக்கு, அதே மலையோட மறு சரிவுல நீலம். ஒரே பிரேம்ல ரெண்டும் வந்துச்சு. எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தேன், எழுதினதெல்லாம் அழிச்சேன். அது இன்னும் வரி இல்லாமதான் இருக்கு. 2030ல திரும்பப் பூக்கும், அதே சரிவுக்குப் போகணும், அங்க என்ன முளைச்சிருக்குன்னு பார்க்கணும்.

சரி, என் படம் போதும். பென்டிரைவ் கொண்டாந்தவங்க முன்னாடி வாங்க, லைட்டை அணைச்சிடலாம். கடைசி வரிசைல அந்தப் பிச்சாவரம் படம் வெச்சிருக்கிற பாப்பா, நீ முதல்ல வாம்மா. அந்தத் துடுப்புக்காரர் உன்கிட்ட என்ன பேசினார்னு சொல்லு.